குளிப்பாட்டி அனுப்பிய கோழி

சார்ஜென்டின் கழுத்தைத் திருகி சூப் வைத்துவிடு என்று தெல்மாவிடம் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

சார்ஜென்ட் ஒரு பெட்டைக்கோழி. கன்னங்கறுப்பு. வெயிலில் நின்றால் கறுப்புக்குள்ளிருந்து பச்சை மினுங்கும். தெல்மா வளர்த்த நான்கில் அதுதான் மூத்தது, கனத்தது. தீனித் தட்டை வைத்ததும் முதலில் அது தின்னும். மற்றவை எட்டி நிற்கும். அடுத்த இடம் வெள்ளைக் கோழிக்கு. ஊர்த் தபால் நிலையத்தில் முன்பு உட்கார்ந்திருந்த அம்மாளைப்போல ஆளை ஏற இறங்கப் பார்க்கிறது என்று அதற்கு மிஸஸ் ஹாலரன் என்று பெயர் வைத்திருந்தாள் தெல்மா. மூன்றாவது, மஞ்சள் நிறப் பட்டர். கடைசி பிப். செம்பழுப்பு, புறாவைவிடக் கொஞ்சம் பெரிது, யாருக்கும் வழிவிடும்.

அந்த வசந்தத்தில் சார்ஜென்ட் பிப்பைப் பிடித்துக்கொண்டது. தட்டருகே தலையில் ஒரு கொத்து என்பது எல்லாக் கூட்டிலும் நடப்பதுதான். இது வேறு. துரத்திப் போய் மூலையில் மடக்கி முதுகு இறகைப் பிடுங்கித் தின்றது. பிப்பின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. பிறகு ரத்தம் தெரிந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றக் கோழிகளும் சேர்ந்துகொள்ளும். தெல்மா ஊதா மருந்தைப் பூசி மறைத்துக்கொண்டேயிருந்தாள்.

பக்கத்து வீட்டு வாலஸ் வேலிக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். ஆட்டுக்கு மயிர் கத்தரித்து ஓய்ந்த கை. வெட்டுக்கட்டையும் கோடரியும் இன்னும் கொல்லையில் இருந்தன.

"இன்னும் அந்த ரவுடிய வெச்சுக்கிட்டு என்ன பண்றே தெல்மா? எங்கிட்ட குடு. ரெண்டு நிமிஷ வேலை."

"உன்னையே உன் பொண்டாட்டி அத்தனை வருஷம் வெச்சுக்கிட்டிருந்தா. அவகிட்ட யாராவது அப்படிக் கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பா" என்றார் வாலஸ்.

தெல்மாவின் மகள் ரோவீனா மேட்டு நிலத்தில் உள்ள நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்தாள். விசைச்சக்கரங்களின் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கி வந்து, குழாய் ஒழுகினால் அடைத்து, கூரைத் தகரத்தில் திருகு முடுக்கி, தேநீர் குடித்துவிட்டுப் போவாள். அம்மாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. பழுது இருந்தால் பேசுவார்கள்.

பிப்பின் முதுகைப் பார்த்த அன்று ரோவீனா சொன்னாள்: "அடி வாங்குறத எடுக்காதம்மா. அடிக்கிறத எடு. கொஞ்ச நாள் கண்ணுல படாம தனியா வெச்சா அதோட இடம் போயிரும். திரும்பி வரப்ப கீழேருந்துதான் ஆரம்பிக்கணும். அடங்கிரும்."

"ஜெயில்ல போடுங்கிறே."

"ரீசெட் பண்ணுங்கிறேன்."

"கோழிக்குப் பின்னாடி பட்டன் இல்லடி. நான் பாத்திருக்கேன்."

ஆனாலும் தெல்மா யோசித்தாள். யோசித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. ரோவீனாவுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

தெல்மா ஹுவான் ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே ஆப்பிள் கட்டும் கொட்டகையில் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். ஓடும் பட்டையில் வரும் பழங்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பாள். முதல் தரம் கப்பலேறி இங்கிலாந்து போகும். இரண்டாம் தரம் பக்கத்து நகரமான ஹோபார்ட்டின் சந்தைக்கு. மற்றது சாறு பிழிய. பிறகு இங்கிலாந்து வாங்குவதை நிறுத்தியது. அரசாங்கம் காசு கொடுத்து மரங்களைப் பிடுங்கச் சொன்னது. அவள் கணவன் ஏத்தல் சொந்த மரங்களை டிராக்டரில் சங்கிலி கட்டிப் பிடுங்கினான். பிடுங்கி முடித்த மறு வருஷமே நெஞ்சடைத்துப் போனான். தெல்மா பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தும், மீன் தொழிற்சாலையில் மீனுக்கு முள் எடுத்தும் மகளைப் படிக்கவைத்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. இன்னும்கூடக் கடையில் ஆப்பிளைக் கையில் எடுத்தால் "ரெண்டாம் தரம்" என்று முனகிவிட்டு வைப்பாள், அவ்வளவுதான்.

வருஷம் தவறாமல் அவள் செய்தது ஒன்று உண்டு. வசந்தம் முடியும் நவம்பரில் நடக்கும் ஊர்க் கண்காட்சிக்குப் பழக் கேக் செய்து அனுப்புவாள். வருஷம் தவறாமல் இரண்டாம் பரிசு. முதல் பரிசு டாஃப்னிக்கு. டாஃப்னி தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள், நல்லவள், அதனால் அவளை வெறுக்கவும் முடியவில்லை. தெல்மாவின் மேசை இழுப்பறையில் சிவப்பு நாடாக்கள் சுருட்டிச் சுருட்டிக் கிடந்தன. முதல் பரிசின் நீலம் ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷம் தெல்மாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. இதயம் பலவீனம், கணுக்காலில் நீர் கோக்கிறது என்றார் மருத்துவர். கேக் வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். "கை நடுங்கினா வெட்டின எடத்துல தெரிஞ்சிரும்" என்றாள். ஆனால் கண்காட்சிக்கு எதையும் அனுப்பாமல் இருக்கவும் மனம் வரவில்லை. வீட்டில் வளர்க்கும் கோழிகளுக்கு ஒரு போட்டி உண்டு.

"எப்படியும் இவளைத் தனியா வெக்கணும்னு நீதானே சொன்னே" என்றாள் மகளிடம். "ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிரும்."

ரோவீனா படித்த இடத்திலெல்லாம் பிரித்து வைப்பது நாலைந்து நாள் போதும் என்றுதான் போட்டிருந்தது. அதை அம்மாவிடமும் சொன்னாள். தெல்மா வைத்தது மூன்று வாரம். போட்டிக் கோழி கையில் அடங்கி நிற்க வேண்டும், கூட்டத்தைக் கண்டு மிரளக் கூடாது; அதற்கு முன்கூட்டியே வீட்டுக்குள் கொண்டுவந்து பழக்க வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். துணி துவைக்கிற அறையில் வைக்கோல் பரப்பி, அலமாரிமேல் வானொலியை நாள் முழுதும் பேசவிட்டாள். சார்ஜென்ட் சலவை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து துணி சுற்றுவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே கூட்டில் மிஸஸ் ஹாலரன் முதலாவதாகத் தின்னத் தொடங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிப்பின் முதுகில் இறகு முளைத்துவிட்டது என்று ரோவீனா சந்தோஷப்பட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் இரண்டு பேரும் சேர்ந்து கோழியைக் குளிப்பாட்டினார்கள். மூன்று வாளி. முதலில் குழந்தை ஷாம்பு, அடுத்து நல்ல தண்ணீர், கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்தது. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறக்கியதும் சார்ஜென்ட் கால்களைத் தளர்த்தி, கண்ணை மூடி, தெல்மாவின் முழங்கைமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

"பாருடி. ஊரையே அதட்டுறவ. தண்ணிக்குள்ள குழந்தை."

"தலையைப் பிடிச்சுக்கோம்மா, முழுகிரப் போகுது."

"உன்னை மாதிரி இவ அடம் பண்ணல. சின்னதுல நீ அந்த ஆர்ப்பாட்டம் பண்ணுவே. ஏத்தல் துண்டை எடுத்துக்கிட்டுத் தெரு வரைக்கும் ஓடியிருக்கான்."

பல் துலக்கும் பிரஷால் கால் செதில்களைத் தேய்த்தார்கள். ஹேர் டிரையரை ரோவீனா பிடித்தாள். சூட்டைக் கையில் பார்த்துப் பார்த்துப் பிடித்தாள். கடைசியில் தெல்மா விரலில் வாஸ்லின் எடுத்துக் கொண்டையிலும் தாடியிலும் தடவினாள். அது ரத்தச் சிவப்பாக மின்னியது. நடுங்குகிற கை. ஆனால் அந்த வேலையில் நடுக்கம் தெரியவில்லை.

தெல்மா சிரித்து ரோவீனா அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

சார்ஜென்டுக்கு நீல நாடா கிடைத்தது. கூண்டுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுத் தெல்மா நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள். டாஃப்னி வந்தாள்.

"என்ன தெல்மா, கேக்கைக் காணோம்?"

"உன்ன கேக்குல ஜெயிக்க முடியல. அதான் முட்டை போடறவளையே கூட்டிட்டு வந்துட்டேன்."

"பாக்க ராணி மாதிரி இருக்கா."

"வீட்ல போலீஸ்காரி" என்றாள் தெல்மா. குரலில் பெருமை.

மறுநாள் காலையில் அவளே கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ரோவீனா கூட்டின் கதவைத் திறந்து பிடித்தாள்.

சார்ஜென்ட் இறங்கியதும் நேராகத் தீனித் தட்டுக்குப் போனது. எப்போதும் போவதுபோல, நிதானமாக, வழியில் யாரையும் பார்க்காமல். மற்ற மூன்றும் விலகும் என்று அது எதிர்பார்த்திருக்க வேண்டும். அவை விலகவில்லை. ஷாம்பு மணக்கும், மினுமினுப்பான, கொண்டை எரிகிற ஒரு அந்நியக் கோழி தங்கள் தட்டில் வாய் வைப்பதைத்தான் அவை பார்த்தன. மிஸஸ் ஹாலரன் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரில் வந்து நின்றது. பிறகு அந்தச் சிவப்பைக் குறிபார்த்துக் கொத்தியது. பட்டர் பின்னாலிருந்து ஏறியது. பிப்பும் ஓடிவந்தது. பிப்பும்தான்.

சார்ஜென்ட் முதலில் திருப்பி அடிக்கவேயில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, இப்போது சரியாகிவிடும் என்பதுபோல நின்றது. அடிக்கத் தொடங்கியபோது கண்ணில் ரத்தம் வழிந்து எதிரி தெரியவில்லை.

தெல்மா விளக்குமாறோடு உள்ளே பாய்ந்தாள். நாலு வீச்சு வீசினாள். பிறகு மூச்சு கிடைக்காமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எதை முதலில் தூக்குவது என்று ரோவீனாவுக்கு ஒரு கணம் தெரியவில்லை. அம்மா கையைக் காட்டினாள்: கோழி, கோழி.

கொண்டை பாதி கிழிந்து தொங்கியது. துணி துவைக்கிற அறைக்கே சார்ஜென்ட் திரும்பிப் போனது.

"வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சா" என்றாள் தெல்மா அன்று மாலை, தேநீரை ஆறவிட்டுவிட்டு. "அவ பாட்டுக்கு சாப்பிடப் போனா."

அதற்குப் பிறகு தெல்மா கொல்லைப் படியைத் தாண்டவில்லை. ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. மூக்கில் குழாய் வந்தது. ரோவீனா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள். மருத்துவர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தைப் பற்றித் திட்டம் எதுவும் போட வேண்டாம் என்றார்.

தெல்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவளைக் கூட்டுக்குள்ள சேத்துரணும் ரோ. நான்தான் வெளியே எடுத்தேன். நானே உள்ள வெச்சுட்டுப் போகணும்."

ரோவீனா இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கூட்டின் குறுக்கே கம்பி வலை அடித்தாள், பார்க்கலாம், தொட முடியாது என்ற கணக்கில். கண்ணி சிறியது, சட்டம் நேராக, மூலைகள் செங்கோணமாக. மிஸஸ் ஹாலரன் வலையின் மறுபுறம் நின்று காலையிலிருந்து மாலைவரை வலையைக் கொத்தியது. சார்ஜென்ட் தட்டுக்குப் போகாமல் சுவரைப் பார்த்து நின்றது. இன்னொரு நாள் அந்தி சாய்ந்ததும், மற்றவை தூங்கக் கட்டையில் ஏறிய பிறகு, சத்தமில்லாமல் சார்ஜென்டையும் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும் என்று எல்லாரும் சொல்கிற வழி. விடிந்தபோது கட்டைக்கடியில் கறுப்பு இறகு கிடந்தது. சார்ஜென்ட் முட்டைப் பெட்டிக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றது.

அடுக்களை ஜன்னலிலிருந்து தெல்மா எல்லாவற்றையும் பார்த்தாள்.

அங்கே அமைதியும் இல்லை. சார்ஜென்ட் இருந்தபோது பிப் ஒருத்தியிடம்தான் அடி வாங்கியது. இப்போது மிஸஸ் ஹாலரன் பட்டரை அடித்தது, பட்டர் பிப்பை அடித்தது, பிறகு இரண்டும் சேர்ந்து பிப்பை அடித்தன. முளைத்த இறகெல்லாம் மறுபடி போயிற்று.

"அவ இருந்தப்ப மத்தவ வாலாட்டல" என்றாள் தெல்மா. "நாம அவ பண்ற அதட்டலை மட்டும் பாத்தோம்."

"ரீசெட்னு நான்தான் சொன்னேன்மா."

"நீ நாலு நாள்னு சொன்னே. குளிப்பாட்டச் சொன்னியா? வாஸ்லின் தடவச் சொன்னியா?" தெல்மா குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டாள். "எனக்கு வேணும்னு இருந்தது. கோழிக்கு எதுக்குடி நாடா?"

அம்மாவுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்ததை ரோவீனா தன் வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் கேட்டாள். கேட்டதும் இந்த நேரத்தில்தான்.

வாலஸ் வந்தார். வேலியில் சாயாமல், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார்.

"தெல்மா, இப்ப நான் கேலிக்குக் கேக்கல. அது கஷ்டப்படுது."

"தெரியும்."

"வலிக்காமப் பண்ணிருவேன்."

"தெரியும் வாலஸ். டீ குடிச்சிட்டுப் போ."

ஜனவரியில் ஒரு நாள் பிப்பின் முதுகிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. அதையும் உள்ளே கொண்டுவர வேண்டியதாயிற்று. வீட்டில் வேறு இடமில்லை. துணி துவைக்கிற அறையின் நடுவில் ரோவீனா ஒரு பலகையை நிறுத்தினாள். பலகைக்கு இந்தப் பக்கம் சார்ஜென்ட், அந்தப் பக்கம் பிப்.

"அதை எடு" என்றாள் தெல்மா. வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதை?"

"பலகையை."

"அம்மா, யாரு யாரோட இறகைத் தின்னாங்கன்னு மறந்துபோச்சா?"

"அது அங்க. அங்க இவ வீடு. பிறகு அவளுங்க வீடு. இது யாரோட வீடும் இல்ல. சலவை மிஷினோட வீடு. எடு."

ரோவீனா பலகையை எடுத்தாள். பாய்ந்தால் பிடிப்பதற்காக ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தட்டில் ஊறவைத்த ரொட்டி இருந்தது. பிப் அதைப் பார்த்தது. சார்ஜென்டைப் பார்த்தது. வைக்கோலில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துத் தட்டை நோக்கி வந்தது. சார்ஜென்ட் எழுந்தது. ரோவீனா துண்டை உயர்த்தினாள்.

சார்ஜென்ட் பின்னால் நகர்ந்தது. சுவர் தட்டுகிறவரை நகர்ந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, கையளவே இருந்த பிப் தின்று முடிக்கிறவரை காத்து நின்றது.

"அப்பாடா" என்று துண்டை இறக்கினாள் ரோவீனா. "அடங்கிட்டா. இது வேலை செய்யும்மா."

ரோவீனா திரும்பிப் பார்த்தபோது தெல்மா முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒதுங்கி நின்னா பாத்தியா" என்றாள் கொஞ்சம் கழித்து. "சார்ஜென்ட் ஒதுங்கி நின்னா."

இரண்டு கோழிகளும் அந்த அறையில் சேர்ந்து இருந்தன. சில நாளில் துணிக்கூடையின் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து தூங்கின. பிப்பின் முதுகு ஆறியது. இரண்டையும் ஜோடியாகத் திருப்பி அனுப்பலாம் என்று ரோவீனா கணக்குப் போட்டாள். தனியாகப் போகிற கோழிதான் அடி வாங்கும். ஆனால் மிஸஸ் ஹாலரன் இருக்கும்வரை முடியாது. அதை இந்த முறை நாலே நாள் வெளியே அனுப்ப வேண்டும். எங்கே?

வாலஸ் தம் பழைய நாய்க்கூண்டைக் கழுவிக் காயவைத்தார்.

"வெட்டிராத" என்றாள் தெல்மா ஜன்னல் வழியாக.

"தபால் ஆபீஸ் அம்மாவ வெட்ட எனக்குத் தைரியம் கிடையாது. பென்ஷன் நின்னுரும்."

ஒரு சிக்கல் மீதமிருந்தது. தெல்மா தன் கையால்தான் வைப்பேன் என்றாள். ஆக்ஸிஜன் குழாய் கொல்லைப் படியோடு முடிந்துவிடும். ரோவீனா ஹோபார்ட்டிலிருந்து இன்னும் குழாய் வாங்கிவந்து இணைத்தாள். குழாய் நீண்டால் வரத்து குறையும். மறுமுனையில் மானியை வைத்து அளந்து பார்த்தாள். கூடுவரை போதும். கூட்டைத் தாண்டிப் போதாது. "கூட்டைத் தாண்டி எனக்கு எங்க போகணும்?" என்றாள் தெல்மா.

மத்தியான வெயிலில் போனார்கள். ரோவீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக. பின்னால் பச்சைக் குழாய் புல்லில் இழுபட்டு வந்தது. வேலிக்கு அப்பால் வாலஸ் தொப்பியில்லாமல் நின்றார். கூட்டு வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு திரும்புகிறவரை தெல்மா காத்திருந்தாள். பிறகு மடியில் வைத்த பிப்பை முதலில் விட்டாள். சார்ஜென்டை விடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கிழிந்த கொண்டை கோணலாக ஆறியிருந்தது. விரலால் அதை ஒருமுறை தடவினாள்.

"இந்தத் தடவ எதுவும் பூசலடி" என்றாள் கோழியிடம். "போ."

பட்டர் வந்தது. சார்ஜென்டின் தலையில் ஒரு கொத்து. சார்ஜென்ட் ஒதுங்கியது. பட்டர் இன்னொரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, எதிர்ப்பு இல்லாததால் சலித்துப் போய்த் தட்டுக்குத் திரும்பியது. பட்டர் தின்றது. பிப் தின்றது. அவை நகர்ந்த பிறகு சார்ஜென்ட் தட்டின் ஓரத்துக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மிச்சத்தைத் தின்றது.

"உள்ள போயிட்டா" என்றார் வாலஸ் வேலிக்கு அப்பாலிருந்து. "ஜெயிச்சுட்டே தெல்மா."

"ம்" என்றாள் தெல்மா.

ரோவீனா அம்மாவின் முகத்தில் நிம்மதியைத் தேடினாள். கொஞ்சம் இருந்தது. தரம் பிரிக்கிற பட்டையருகே நிற்பவளைப்போலத் தெல்மா கண்ணை இடுக்கிக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. உயிரோட இருக்கா, கூட்டத்தோட இருக்கா. ஆனா நான் எடுத்தவ வேற ரோ. திருப்பி வெச்சது வேற."

அன்று சாயங்காலம் இழுப்பறையிலிருந்து நீல நாடாவை எடுத்துவரச் சொன்னாள். கூட்டுக் கதவின் கொக்கி தளர்ந்திருக்கிறது, காற்றில் ஆடுகிறது, இதால் கட்டிவிடு என்றாள். புதுக் கொக்கி வாங்கி மாட்டுகிறேன் என்றாள் ரோவீனா. "இது போதும். நல்ல பட்டு" என்றாள் தெல்மா. ரோவீனா கட்டினாள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த மிஸஸ் ஹாலரன் தன் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது; ஒதுங்கி நின்ற சார்ஜென்டை அது கண்டுகொள்ளவில்லை.

மார்ச்சில், தோட்டங்களில் மிஞ்சிய ஆப்பிள் பழுக்கும்போது, தெல்மா போய்ச்சேர்ந்தாள். காலையில் ஒரு வாய் தேநீர் குடித்து, சூடு போதவில்லை என்று குறை சொன்னாள். ரோவீனா கெட்டிலை மறுபடி வைக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது இயந்திரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

இரங்கலுக்கு டாஃப்னி பழக் கேக் கொண்டுவந்தாள். "போன பத்து வருஷமா உங்கம்மா கேக்தான் நல்லா இருந்தது. நடுவருக்கு நாக்கு இல்ல" என்றாள். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று ரோவீனா கேட்க நினைத்தாள். தட்டை வாங்கி மேசையில் வைத்தாள்.

வாலஸ் கோழிகளைப் பற்றிக் கேட்டார். "நீ மேல மலைக்குப் போகணும்ல? எங்கிட்ட விடு. கோடரியெல்லாம் கிடையாது, சத்தியமா. அந்த நாய்க்கூண்டப் பெருசாக்கிடறேன்."

ரோவீனா யோசித்தாள். நல்ல யோசனைதான். நாய்க்கூண்டு காற்றுக்கு மறைவு, ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், வீட்டையும் விற்றுவிடலாம்.

"வேணாம் வாலஸ்" என்றாள். "இங்கேயே இருக்கட்டும். இனிமே யாரையும் எடம் மாத்த வேணாம். காலையில கதவைத் திறந்து, சாயங்காலம் மூடினீங்கன்னா போதும். ஞாயித்துக்கிழமை நான் வந்துருவேன்."

"வீடு?"

"கூடு இருக்கிற வரைக்கும் வீடும் இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மலைக்குப் புறப்படும் அன்று காலையில் ரோவீனா கொல்லைக்குப் போனாள். நீல நாடா மழையில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. முடிச்சை அவிழ்த்துத் தட்டை வைத்தாள். மிஸஸ் ஹாலரன் தின்றது. பட்டர் தின்றது. பிப் தின்றது. சார்ஜென்ட் கதவோரத்தில், காற்று அடிக்கிற இடத்தில் நின்று அவளைப் பார்த்தது. அவள் கோட்டுப் பையில் ஒரு பிடி கோதுமை இருந்தது. தனியாகக் கொடுத்தால் மற்றவை பார்க்கும். பார்த்தால் அடிக்கும். அவள் கையைப் பையிலேயே வைத்திருந்தாள்.

வண்டி தெருவில் காத்திருந்தது. பாதை நீளம், மேட்டு நிலத்தில் இருட்டுவதற்குள் பனி இறங்கிவிடும். சார்ஜென்ட் தட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, தின்று முடிக்கிறவரை அவள் நின்றாள். பிறகு கதவைச் சாத்தி நாடாவைக் கட்டினாள்.